இடப்பக்கக் கீறல்கள்

முதல் கீறல் மார்கழி ஒன்பதாம் நாள் கேஷவின் கண்ணில் பட்டது. பிக்கப்பின் இடது பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே, ஒரு சாண் நீளம். அவர் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல் நகத்தால் அதைத் தடவிப் பார்த்தார். நகம் சிக்கியது. மேலாகப் பட்ட கீறல் என்றால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். சிக்கினால், யாரோ அழுத்திப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"வைதேஹி, இங்க வா. யாரோ வேணும்னே பண்ணியிருக்கா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "சந்து இவ்வளவூண்டு இருக்கு, வண்டி அவ்வளவு பெரிசா இருக்கு. எங்கயாவது பட்டிருக்கும்" என்றாள். கேஷவ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு சட்டென்று ஒருத்தி பதில் சொல்கிறாள் என்றால், பதில் முன்னாலேயே தயாராக இருந்திருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷமாக வெல்டிங் ஆய்வாளர். பற்றவைத்த இரும்புக் குழாய்களை எக்ஸ்ரே எடுத்து, அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்து, மயிரிழை விரிசல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. பற்றவைத்தவன் சத்தியம் செய்தாலும் நம்பக்கூடாது. கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்து. அந்த வேலைக்கு அது தேவைதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மனிதர் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அந்த வேலையையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். கேஸ் சிலிண்டர் வந்தால் தன் சொந்தத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார். கோயில் புளியோதரையைக்கூட முன்பல்லால் கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே தள்ளுவார். பெங்களூரில் இருக்கும் மகள் மேகனா, "அப்பாவுக்கு நான் பொறந்ததையே ரெண்டாவது தரம் செக் பண்ணித்தான் ஒத்துண்டிருப்பார்" என்று கேலி செய்வாள்.

அப்படிப்பட்டவர் மனம் விட்டு நம்பிய ஒரே பொருள் அந்த பிக்கப். இரண்டு வருஷத்துக்கு முன்னால், சின்னதாக ஒரு கார் வாங்குங்கள் என்று வீடே சொன்னபோது, கரும்பச்சை நிறத்தில் யானைக்குட்டி உயரத்துக்கு இதைக் கொண்டுவந்து மேலச் சித்திரை வீதிக்குப் பின்னால் இருக்கும் தன் சந்தில் நிறுத்தினார். நாலு சக்கரமும் இழுக்கும். முட்டி அளவு தண்ணீரில் இறங்கி ஏறும். ஆற்று மணல், மலைச்சரிவு, பாறை எதுவும் அதற்கு ஒரு பொருட்டில்லை. வருஷத்துக்கு இரண்டு தரம் பச்சைமலைக்குக் கொண்டுபோய்ச் சேற்றில் இறக்கிவிட்டு, சின்னப் பையன் போல முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வருவார். மிச்ச நாளெல்லாம் அது ஸ்ரீரங்கத்திலிருந்து திருவானைக்கோவில் வழியாக பைபாஸ் ஏறி, பால்பண்ணை, அரியமங்கலம், திருவெறும்பூர் என்று ஆபீஸ் போய்த் திரும்பும்.

அதோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. ஏறுவதற்கு வைதேஹிக்கு ஒரு மணை வேண்டும். அந்த மணை எப்போதும் பின் சீட்டின் அடியிலேயே கிடக்கும். பின் தொட்டி காலியாக இருந்தால் வேகத்தடையில் வண்டி எகிறிக் குதிக்கும், வீட்டில் பத்திரமாகக் கட்டிக் கொடுத்த மோர் டப்பா மூடியைத் திறந்துகொண்டு சட்டையில் விழும். சந்துமுனையில் திரும்ப மூன்று தரம் முன்னும் பின்னும் போக வேண்டும். தொட்டி திறந்து கிடப்பதால் வேப்பிலைச் சருகு சேரும், பூனை குட்டி போடும். சொந்தத்தில் யார் வீடு மாற்றினாலும், "கேஷவ், உன் வண்டி சும்மாத்தானே நிக்கறது" என்று ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொள்ளிடக் கரையில் காற்று வாங்க நிறுத்தியபோது இரண்டு போலீஸ்காரர்கள் வந்து தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். "மணலு எதுனா அள்ளுனீங்களா சார்?" என்று கேட்டார்கள். ஊரையே சந்தேகப்படுகிற மனிதரை ஒருவர் சந்தேகப்பட்டது அவருக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் புலம்பினார்.

இரண்டாவது கீறல் நாலு நாள் கழித்து விழுந்தது. மூன்றாவது அதற்கு அடுத்த வாரம். தை பிறப்பதற்குள் ஏழு. கேஷவ் ஆபீஸ் பழக்கப்படி ஒவ்வொரு கீறலுக்கும் பக்கத்தில் மஞ்சள் மார்க்கரால் நம்பர் போட்டார். ஒரு நோட்டில் தேதி, நீளம், தரையிலிருந்து உயரம் எல்லாம் எழுதினார். ஏழும் இடப்பக்கம். வலப்பக்கம் ஒரு பொட்டுக்கூட இல்லை. தற்செயலாக நடந்தால் இரண்டு பக்கமும் விழ வேண்டாமா? இது ஒரே ஆளின் வேலை என்று முடிவுகட்டினார்.

சந்துமுனையில், வண்டி போகும்போது இடது கைப்பக்கம், வீரமலையின் இஸ்திரி வண்டி நிற்கிறது. பதினெட்டு வருஷமாக அங்கேதான் நிற்கிறது. தள்ளுவண்டி, அதன்மேல் தகரக்கூரை, கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. அவன் மனைவி வேலம்மாள் சந்தில் நாலைந்து வீடுகளுக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவள். பிக்கப் வந்த புதிதில், "வண்டியைக் கொஞ்சம் உள்ள தள்ளி வச்சுக்கோப்பா, எனக்குத் திரும்ப முடியலை" என்று கேஷவ் சொன்னார். "இதுக்கு மேல தள்ளுனா சாக்கடைக்குள்ளதான் சார் நிக்கணும்" என்று வீரமலை சொன்னான். அப்போதே இரண்டு பேருக்கும் முகம் கொஞ்சம் இறுகிப்போயிற்று.

மார்கழியில் வேலம்மாள் வேறு சண்டைக்கு வந்தாள். "சார், விடியக்காலம் எந்திரிச்சு இடுப்பொடிய கோலம் போடுறேன். தெனம் உங்க டயரு அதும்மேலயே போவுது. கொஞ்சம் ஒதுங்கிப் போகக் கூடாதா?"

"நான் ஒதுங்கித்தான் போறேன். நீதான் ரோடு பூராவும் போடறே."

"அய்ய, நானா? அவங்கவங்க வீட்டுப் படியை ஒட்டித்தான சார் போட்டிருக்கேன்!"

டயரில் பார்த்தால் வெள்ளைக் கோலமாவு ஒட்டிக்கொண்டிருந்தது. இடது டயரில்தான். தன் மேல் பழி வர வேண்டும் என்றே அவள் சக்கரத்தில் மாவைத் தேய்த்திருப்பாளோ என்று கேஷவ் யோசித்தார். புருஷன் கீறுகிறான், பெண்டாட்டி மாவு தேய்க்கிறாள். கணக்குச் சரியாகத்தான் வந்தது.

அந்த நாட்களில் உலகமே அவரிடம் ஒளிந்து விளையாடுகிற மாதிரி இருந்தது. ஆபீசில் கூட வேலை பார்க்கும் ரஃபீக் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு திடீரென்று, "சார்!" என்பான். இவர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்புவார். "ஏம்ப்பா இப்படிப் பதுங்கிப் பதுங்கி வரே?" என்று கேட்டால், "நான் நேராத்தானே சார் வந்தேன்" என்பான். வீட்டில் காபி டம்ளரை வைதேஹி எங்கே வைத்தாலும் அவர் இடது முழங்கை பட்டு உருண்டது. "இதை ஏன் இங்க வைக்கறே? கையில குடுக்க மாட்டியா?" என்று அவள் மேல் எரிந்து விழுந்தார். எல்லாரும் சேர்ந்து சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வைக்கிறார்கள் என்றுகூட ஒருநாள் நினைத்துக்கொண்டார்.

"ஏன்னா, ஒரு தரம் கண்ணைக் காட்டிண்டு வந்துடலாமே" என்றாள் வைதேஹி.

"எனக்கா? வருஷா வருஷம் ஆபீஸ்ல டெஸ்ட் பண்றா. பொடி எழுத்தை ஒண்ணு விடாம படிக்கறேன். நாப்பது வயசுக்காரனால முடியாததை நான் படிக்கறேன்."

"அது கிட்டத்துல படிக்கறது. நான் சொல்றது வேற. பக்கவாட்டுல..."

"உனக்கு வண்டியை விக்கணும். அதை நேரடியாச் சொல்லேன்."

பிறகு அவள் மறுபடியும் இரண்டு தரம் அந்தப் பேச்சை எடுத்தாள். இரண்டு தரமும் அவர் வண்டியை விற்கிற சதி என்றே அதை மடக்கிப் போட்டார்.

தை மாதத்திலிருந்து அவளிடமும் ஒரு புது வழக்கம் தொற்றிக்கொண்டது. அவர் ஏழு மணிக்குக் கிளம்புகிறார் என்றால், ஆறு ஐம்பத்தைந்துக்கு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள். கேட்டால், "துளசி வாங்கிண்டு வரேன்" என்பாள். சாயங்காலம் அவர் பூஜை அலமாரியான கோவிலாழ்வார் முன்னால் போய்ப் பார்ப்பார். பெருமாளுக்கு முதல் நாள் துளசிதான் சாத்தியிருக்கும். பிறகு சரியாக எட்டு மணிக்குப் போன் வரும். "ஆபீஸ் போய்ச் சேர்ந்தாச்சா?" அவ்வளவுதான், வைத்துவிடுவாள். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் ஒருநாள்கூட அவள் இப்படிக் கேட்டதில்லை. நான் தொலைந்தேனா என்று உறுதிப்படுத்திக்கொள்கிறாளா? எதற்கு?

ஒருநாள் லீவில் அவர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். வைதேஹி இஸ்திரி வண்டி பக்கத்தில் நின்று வீரமலையிடம் ஏதோ தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் தலையை ஆட்டினான். வேலம்மாளும் கூட நின்றாள். இவர் கீழே இறங்கிப் போனதும் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். வைதேஹியின் புடவைத் தலைப்பில் கரி ஒட்டியிருந்தது.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. வீரமலை கீறினால் கோபம் வரும், கோபத்தை எதிராளி மேல் காட்டலாம். வீட்டுக்குள்ளேயே ஒருத்தி துணை போனால் என்ன செய்வது? அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதை யாருக்கும் காட்டாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வீரமலை மேல் எழுதிக் கொடுத்தார். பொதுவழியில் தள்ளுவண்டி, சொத்துக்குச் சேதம், பதினொரு கீறல். மஞ்சள் நம்பர் போட்ட போட்டோக்களும் வைத்தார்.

அங்கே இருந்தவர் பொறுமையாகப் படித்தார். "அவருதான் பண்ணாருன்னு ப்ரூஃப் இருக்கா சார்? இருந்தா சொல்லுங்க, அன்னிக்கே வண்டியை எடுக்கச் சொல்லிடறோம்" என்றார். விஷயம் அன்று மத்தியானமே சந்துக்குத் தெரிந்துவிட்டது. வேலம்மாள் வாசலில் வந்து நின்று, "அந்த எடம் போச்சுன்னா நாங்க எங்க சார் போவோம்? ரெண்டு புள்ளைங்க அந்த வண்டியிலதான் சார் படிக்குதுங்க" என்று கேட்டாள். கேஷவ் கதவைச் சாத்தினார்.

நாலு பக்கமும் படம் பிடிக்கிற கேமரா ஒன்றை வாங்கினார். வைதேஹி தடுப்பாள், சாக்குச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, "வாங்குங்கோ, சீக்கிரமா வாங்குங்கோ" என்றாள். அதுவும் அவருக்கு உறுத்தியது. ரஃபீக் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேமராவை மாட்டிக் கொடுத்தான். மறுநாளிலிருந்து முன்னால், பின்னால், இடம், வலம் என்று நாலு பக்கமும் பதிவாகத் தொடங்கியது. வார முடிவில் மொத்தமாக உட்கார்ந்து பார்ப்பது, ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று அவர் திட்டம்.

வியாழக்கிழமை காலை சந்துமுனையில் திரும்பும்போது, முன்னால் ஏதோ தட்டுகிற மாதிரியும், சக்கரத்தின் கீழே பிளாஸ்டிக் நொறுங்குகிற மாதிரியும் சத்தம் கேட்டது. ரேடியோவில் சேவாகால கோஷ்டியின் பாசுரம் ஓடிக்கொண்டிருந்தது, அவர் நிறுத்தவில்லை. ஆபீசில் போனை லாக்கரில் வைத்துவிட்டு ஃபிலிம் பார்க்கப் போனார். மத்தியானம் எடுத்துப் பார்த்தால் வைதேஹியிடமிருந்து நாலு அழைப்பு. திரும்பக் கூப்பிட்டபோது, "ஒண்ணுமில்லை. மெதுவா வாங்கோ. ரொம்ப மெதுவா வாங்கோ" என்றாள். சாயங்காலம் வீட்டில் இறங்கிப் பார்த்தால் இடது டயரின் பள்ளத்தில் நீலப் பிளாஸ்டிக் துண்டுகள் குத்திக்கொண்டிருந்தன. இப்போது டயருக்கு அடியிலும் சாமான் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவர் பல்லைக் கடித்தார். உள்ளே வைதேஹி வலது முழங்கையில் துணி கட்டியிருந்தாள்.

"என்ன அது?"

"இடிச்சுண்டுட்டேன்." பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "நாளைலேர்ந்து வண்டியை எடுக்க வேண்டாம்."

"காரணம்?"

"சொன்னா நம்ப மாட்டேள். மூணு தரம் சொல்லியாச்சு, நம்பலை. அந்தக் கேமராவைப் பாருங்கோ. தனியா உக்காந்து பாருங்கோ."

தனியாக என்று அவள் அழுத்திச் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. நான் தனியாகப் பார்த்தால் யாருக்கு லாபம்? சாட்சி இல்லாமல் போனால் வீரமலைக்குத்தானே லாபம்? அவர் சாப்பிட்டு எழுந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கொக்கியில் சாவி இல்லை. இன்னொரு சாவி ஆபீஸ் லாக்கரில். இரண்டு சாவியை ஒரே இடத்தில் வைக்கிற ஆள் இல்லை அவர். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சந்துமுனைக்குப் போய், நாலு பேர் பார்க்க வீரமலையைக் கேட்டார்: "சாவியையும் எடுத்துட்டியா?"

வீரமலை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "சார், பதினெட்டு வருசத்துல உங்க வீட்டுச் சட்டைப் பையில எத்தனை தடவை பணம் இருந்திருக்கு. திருப்பிக் குடுக்காம இருந்திருக்கேனா?"

"அதெல்லாம் பேசாதே. வா. உன் ஒய்ஃபையும் கூட்டிண்டு வா. எல்லாரும் பாக்கலாம்."

கூடத்தில் டிவியில் கேமராவை இணைத்தார். வீரமலை உள்ளே வராமல் நிலைப்படி ஓரத்தில் நின்றான். வேலம்மாள் அவனுக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வைதேஹி குறுக்கே வந்தாள். "ஏன்னா, உங்க நல்லதுக்குச் சொல்றேன். அவாளை அனுப்பிட்டுப் பாருங்கோ."

"பயமா இருக்கா?"

"ஆமாம், பயமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமைப் பதிவு ஓடியது. நேரம் ஏழு மணி இரண்டு நிமிஷம். முன் கேமராவில் சந்து தெரிந்தது. வண்டிக்குப் பத்தடி முன்னால், இடது ஓரமாக, ஒரு பெண் வேகமாக நடந்துகொண்டிருந்தாள். வைதேஹி. சாய்ந்து கிடந்த ஒரு சைக்கிளைத் தூக்கிச் சுவரோடு சேர்த்து வைத்தாள். யாரோ வாசலில் விட்டிருந்த வாளியை எடுத்துப் படிமேல் வைத்தாள். ஒரு கன்றுக்குட்டியைத் தட்டி ஓட்டினாள். சந்துமுனையில் வீரமலையும் வேலம்மாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இஸ்திரி வண்டியின் ஒரு சக்கரத்தைச் சாக்கடை மூடிமேல் தூக்கி ஏற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கரி சிந்தி வைதேஹி மேல் பட்டது. பிக்கப் அவர்களை உரசுகிற மாதிரி தாண்டிப் போனதும் வண்டியை இறக்கினார்கள். வைதேஹி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

கேஷவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இதெல்லாம் எப்ப நடந்தது? நான் உங்களைப் பார்க்கவே இல்லையே" என்றார்.

செவ்வாய்க்கிழமையும் அதேதான். இந்தத் தடவை இடப்பக்கக் கேமரா. அடுத்த வீட்டு வாசலில் நடப்பட்டிருந்த கல் மெல்ல நெருங்கியது, கதவில் பட்டது, கதவோடு தேய்த்துக்கொண்டே பின்னால் போனது. கர்ரென்ற சத்தம்கூடப் பதிவாகியிருந்தது. பன்னிரண்டாவது கீறல் விழுந்ததைக் கேஷவ் கண்ணாரப் பார்த்தார். கீறியவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி பாசுரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்திடுங்கோ, போறும்" என்றாள் வைதேஹி. அவர் நிறுத்தவில்லை. வியாழக்கிழமை வந்தது.

பிக்கப் சந்துமுனையில் இடது கைப்பக்கம் திரும்புகிறது. இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னப் பெண், பள்ளிக்கூடச் சீருடையில், நீலத் தண்ணீர் பாட்டிலோடு ஓரத்தில் வருகிறாள். வண்டியைப் பார்த்து நிற்கிறாள். கையை உயர்த்திக் காட்டுகிறாள். வண்டி நிற்கவில்லை, அவள் பக்கமே வளைகிறது. அவள் பின்னால் போகப் பார்க்கிறாள், பின்னால் இஸ்திரி வண்டி. அப்போது வைதேஹி குறுக்கே பாய்ந்து, ஒரு கையால் பானெட்டை ஓங்கி அடித்து, இன்னொரு கையால் குழந்தையின் தோளைப் பற்றி இழுக்கிறாள். இரண்டு பேருமாக வீரமலை மேல் போய் விழுகிறார்கள். குழந்தை நின்ற இடத்தில் சக்கரம் ஏறுகிறது. பாட்டில் நொறுங்குகிறது. பிக்கப் அவசரமில்லாமல் மேலச் சித்திரை வீதியில் போய்ச் சேர்கிறது.

படம் தானாக நின்றுவிட்டது. கேஷவுக்குக் கண்ணை மூடினால் அந்தச் சின்னக் கைதான் தெரிந்தது. பதினைந்து வயதில் அப்பா போன அன்றைக்குப் பிறகு அவர் அழுததில்லை. இப்போது வீரமலைக்கும் வேலம்மாளுக்கும் முன்னால் வாய்விட்டு அழுதார்.

வீரமலைதான் முதலில் பேசினான். "மாமி தைப்பொங்கலுக்கு அப்புறமே எங்ககிட்டச் சொல்லிடுச்சு சார். சாருக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியல போல, சொன்னா கோவப்படறாரு, கொஞ்சம் பாத்துக்கங்கன்னு. அதான் தெனம் ஏழு மணிக்கு வண்டியைத் தூக்கிப் பிடிச்சுக்குவோம்."

"நான் போலீஸ்ல எழுதிக் குடுத்ததுக்கு அப்புறமுமா?"

"அதுக்காக இடிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட முடியுமா சார்?" என்றான் அவன்.

அவர்கள் போனபிறகு கேஷவ் செய்தது ஆபீசில் செய்கிற காரியம்தான். தன் கண்ணைத் தானே பரிசோதித்தார். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வைதேஹியை எதிரே நிற்கச் சொன்னார். அவள் மூக்கு தெரிந்தது, நெற்றிப் பொட்டு தெரிந்தது. அவ்வளவுதான். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் ஒன்றுமில்லை. அவள் கையை விரித்துக் காட்டினாள். "தெரியறதா?" "இல்லை." "இப்ப?" "இல்லை." கை முகத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது. பொடி எழுத்துப் படிக்க அந்த நடு வட்டம் போதும். அதனால்தான் வருஷா வருஷம் பாஸ்.

சனிக்கிழமை கண் டாக்டர் பெலிண்டா கருவியில் முகத்தை வைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து நரம்பைத் தின்றுகொண்டு வந்திருக்கிறது என்றார். "போனது திரும்ப வராது சார். இருக்கறதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து ஒரு நாள்கூட விடக் கூடாது. வண்டி ஓட்டாதீங்க." வலது கண்ணிலும் மூக்கை ஒட்டிய இடது ஓரம் மங்கத் தொடங்கிவிட்டதால்தான் அந்தப் பக்கமே தெரியவில்லை என்றும் சொன்னார். கேஷவ் மறுபேச்சுப் பேசாமல் சீட்டை வாங்கிக்கொண்டார். வேறு இடத்தில் இன்னொரு தரம் காட்டலாமா என்று அவர் கேட்காததை வைதேஹி கவனித்தாள்.

திரும்பும் வழியில் ஸ்டேஷனில் இறங்கி, கொடுத்த மனுவைத் திரும்ப வாங்கினார். இஸ்திரி வண்டி முன்னால் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் வீரமலை கையை நீட்டினான். "சட்டை எதுனா இருந்தா குடுங்க சார், சூடு ஆறுறதுக்குள்ள தேச்சுடறேன்."

அந்தப் பெண்ணின் வீடு அடுத்த தெருவில் இருந்தது. புதிதாக ஒரு நீலப் பாட்டில் வாங்கிக்கொண்டு போனார். பெற்றவர்களிடம் நடந்ததைத் தானே சொன்னார், எதையும் குறைக்கவில்லை. அவர்கள் திட்டினார்கள், நின்று கேட்டுக்கொண்டார். குழந்தை பாட்டிலை வாங்கிக்கொண்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தது. "நான் கை காட்டினேனே மாமா. நீங்க பாக்கவே இல்ல" என்றது.

சாவியைப் பற்றி அவராகக் கேட்கவில்லை. ஞாயிறு காலை தீர்த்தமாடிவிட்டுத் திருவாராதனப் பூஜைக்கு உட்கார்ந்தபோது, கோவிலாழ்வாரில் பெருமாளுக்குப் பின்னால் அது இருந்தது. எடுக்கவில்லை. அதன்மேல் ஒரு துளசி இலையைப் போட்டார். பிறகு வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே போய், பன்னிரண்டு மஞ்சள் நம்பர்களையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துத் துடைத்தார். வண்டிக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டினார். விற்பதா, மேகனா வந்து ஓட்டுவாளா என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு ஆபீஸ் பஸ் பிடிக்கக் கிளம்பினார். வைதேஹியும் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலில் வேலம்மாள் போட்டிருந்த கோலத்தைக் குனிந்து பார்த்து, காலை எடுத்துச் சுற்றி வைத்தார். சந்தில் எதிரே சைக்கிள்கள் வந்தன, பால்காரர் வந்தார், எங்கேயோ பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. இடப்பக்கம் அவருக்கு வெறுமையாக இருந்தது. இத்தனை நாள் அது வெறுமை என்றே தெரியாமல் நடந்திருக்கிறார். பத்தடி போனதும் பயம் வந்தது.

"வைதேஹி, எங்க இருக்கே?"

"இடப்பக்கம்தான் இருக்கேன். நடங்கோ."

எதையும் கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத மனிதர், அவள் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.